பழைய வீட்டைக் காக்க மனு எழுதுகிறீர்களா? ‘ஏன்’ என்று கேட்காதீர்கள்

சென்ற மாதம் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து மூன்று இளைஞர்கள் ஒரு மனுவோடு வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் தெருவில் முற்றம் வைத்த பழைய வீடு ஒன்றை இடிக்கப் போவதாகப் பேச்சாம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாம் என்று எழுதி எடுத்து வந்திருந்தார்கள். முதல் வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ‘பாரம்பரியம் மிக்க இந்த வீட்டை இடிக்க ஏன் அனுமதி அளிக்கப்பட்டது?’ பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதிய அதே வரி.

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டாமல் விடுவது, கையெழுத்துப் போட மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு தடவை மனு திரும்பி வந்தால் தானாகத் தெரிந்துவிடும். பட்டும் பலருக்குப் புரியாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கோட்டை பக்கத்தில் இருக்கிறது என்று நம்பி இருப்பது

வேலூரில் இது நிறையப் பேருக்கு உண்டு. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, அதனால் சுற்றியுள்ள பழைய வீட்டையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறார்கள். 2010-ல் திருத்திய தொல்சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை. அதைத் தாண்டி மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். அந்தச் சட்டம் கோட்டையைக் காக்க வந்தது, உங்கள் தெரு வீட்டைக் காக்க வந்ததல்ல. ஆனால் வீட்டுக்காரரிடம் பேச அது உதவும். இடித்துவிட்டால் அந்த இடத்தில் மாடி கட்டுவது எளிதல்ல என்று தெரிந்தால் யாரும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

திப்பு கதை

எழுதாதீர்கள். 1799-க்குப் பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தை வேலூர்க் கோட்டைக்குள் வைத்திருந்தார்கள்; 1806 ஜூலை 10 புரட்சிக்குப் பின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அது வரலாறு. ‘எங்கள் தெரு வீட்டில் திப்புவின் உறவினர் தங்கினார்’ என்பதற்குத் தாள் இல்லையென்றால், அந்த ஒரு வரியே மனுவில் உள்ள மற்ற உண்மைகளையும் கெடுத்துவிடும். பழைய கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்துவரிப் பதிவேடு, இவற்றிலிருந்து வீட்டின் வயதைச் சொல்லுங்கள், போதும்.

‘ஏன்’ என்று கேட்பது

என் கதைக்கு வருகிறேன். பாலாற்றங்கரை ஊர் ஒன்று, பெயர் வேண்டாம். தெருவைப் பார்த்த நீளத் திண்ணை, இரண்டு தேக்குத் தூண், நிலைக்கு மேலே கஜலட்சுமி. உள்ளே முற்றத்தில் மழைத் தண்ணீர் விழுவதற்கென்றே ஒரு கல்தொட்டி. அந்த வீட்டுப் பாட்டி வேர்க்கடலையைத் திண்ணையில்தான் காய வைப்பார். தெருப் பிள்ளைகள் போகும்போது ஒரு பிடி, வரும்போது ஒரு பிடி எடுப்பார்கள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். அவர் போன பிறகு வீட்டை இடிக்க ஏற்பாடு நடப்பது தெரிந்தது. ஆறு கேள்வி எழுதினேன். ஏன் அனுமதித்தீர்கள், வரலாற்றுச் சிறப்பைக் கருத்தில் கொண்டீர்களா, இது நியாயமா? அனுப்பிவிட்டு, முப்பது நாளில் பதில் வரும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. ‘தாங்கள் கோரியது கேள்வி வடிவில் உள்ளதால், தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(எஃப்)-ன் கீழ் தகவல் என்ற வரையறைக்குள் வராது.’ வீட்டை அதற்கு ஒன்பது நாள் முன்பே, ஒரு சனிக்கிழமை இரவு இடித்துவிட்டார்கள். கல்தொட்டி மட்டும் இரண்டாக உடைந்து தெருவோரம் கிடந்தது.

பதிலைப் படித்து அன்றைக்கு அலுவலகத்தின் மேல் கொதித்தேன். ஆனால் அவர்கள் எழுதியது சட்டப்படி சரி. 2011-ல் சி.பி.எஸ்.இ. - ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்டுப் பெறலாம், காரணமோ கருத்தோ புதிதாக எழுதித் தரச் சொல்ல முடியாது. அது தெரியாமல் ஒரு மாதத்தை வீணடித்தது நான். இன்றும் யாராவது அந்த வரியோடு வந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, எப்படிக் கேட்பது? தாளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தெருப்பெயர், கதவு எண், நகர நில அளவை எண் எல்லாம் எழுதி, ‘இக்கட்டிடத்தை இடிக்க அனுமதி கோரி வந்த விண்ணப்பம், கள ஆய்வு அறிக்கை, அனுமதி ஆணை, குறிப்புக் கோப்பு ஆகியவற்றின் நகல்’ என்று போடுங்கள். அந்தக் கோப்புக்கு அலுவலகம் இட்ட எண்ணையும், அதாவது ந.க. எண்ணையும் கேளுங்கள். இன்னொன்று, புதியவர்கள் யாரும் கேட்காதது: தன்பதிவேடு. எந்தத் தேதியில் என்ன தபால் வந்தது, எழுத்தர் அதை என்ன செய்தார் என்பது அதில் வரிசையாக இருக்கும். அந்தப் பக்கத்தின் நகல் கையில் இருந்தால், தபாலே வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அதே மனுவில், ‘கோப்பை நேரில் பார்வையிட விரும்புகிறேன்’ என்றும் ஒரு வரி சேருங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. வேறொரு வீட்டு விஷயத்தில் நான் அப்படிப் போய் உட்கார்ந்தேன். கோப்பைப் புரட்டினால், கள ஆய்வு செய்த தேதி விண்ணப்பம் வந்த தேதிக்கு நான்கு நாள் முந்தியது! ‘ஏன்’ என்று நூறு தடவை கேட்டாலும் அது வெளியே வந்திருக்காது.

‘அப்படி ஆவணம் ஏதும் இல்லை’ என்று பதில் வந்தால் சோர்ந்து போகாதீர்கள். அனுமதியே இல்லாமல் வீடு இடிபடுகிறது என்று அந்த அலுவலகமே எழுதிக் கொடுத்தது போல அது. பத்திரமாக வையுங்கள்.

அப்புறம், தகவல் மனு எந்தக் கடப்பாரையையும் நிறுத்தாது. உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்று போட்டு 48 மணி நேரத்தில் பதில் கேட்பவர்கள் உண்டு; அது மனிதரின் உயிருக்கு, வீட்டுக்குப் பொருந்தாது. தகவல் மனு கொடுக்கும் அன்றே மாநகராட்சி ஆணையருக்குத் தனி மனு கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒன்று கொடுங்கள். அவசரம் என்றால் வக்கீலைப் பாருங்கள். தடை உத்தரவு நீதிமன்றத்திலிருந்துதான் வரும்.

முத்திரை வாங்காமல் திரும்புவது

உங்கள் மனு நகலில் தேதியோடு அலுவலக முத்திரை இல்லையென்றால் நீங்கள் மனுவே கொடுக்கவில்லை.

மேல்முறையீட்டை விட்டுவிடுவது

முதல் மேல்முறையீட்டைக் கொடுக்க 30 நாள் கெடு, அதற்கு மேல் தகவல் ஆணையத்துக்குப் போக 90 நாள்.

வீட்டுக்காரரை எதிரியாக்குவது

ஐந்து பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்த வீடு. மெட்ராஸ் ஒட்டு என்னும் பழைய பாணிக் கூரைத் தளம் ஒழுகுகிறது. சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை. கிடைத்தவர் சிமென்ட் பூசிவிட, ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவர் உப்பிப் பொரிகிறது. அந்தக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தித் திட்டினால் அவர்கள் இன்னும் சீக்கிரம் இடிப்பார்கள். முதலில் போய்ப் பேசுங்கள். பல சமயம் அவர்களுக்கே விற்க மனமிருக்காது, வழி தெரியாமல்தான் விற்கிறார்கள்.

கதவு போவதைக் கவனிக்காதது

வீடு ஒரே நாளில் போவதில்லை. முதலில் ஊஞ்சல் சங்கிலி, பிறகு நிலைக்கதவு, அப்புறம் தூண். காரைக்குடிப் பக்கம் பழம்பொருள் கடைகளில் இவற்றுக்கு நல்ல விலை. நிலையைப் பெயர்க்க ஆள் வந்துவிட்டால் நாட்களை எண்ணத் தொடங்குங்கள். அன்றே படம் எடுங்கள்: நிலை, தூண், முற்றம், தளம், பக்கத்தில் ஓர் அளவு நாடா தெரியும்படி.

அந்த மூன்று பேரின் மனுவை என் திண்ணையிலேயே அடித்துத் திருத்தி எழுதினோம். ஒரே ஒரு ‘ஏன்’ கூட இல்லை. கோப்பைப் பார்க்க வரச் சொல்லி இந்த வாரம் கடிதம் வந்திருக்கிறது. நில அளவை எண் ஓர் இலக்கம் மாறினாலும் வேறு வீட்டின் கோப்பு வரும் என்பதால், புல வரைபடத்தையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். வீட்டின் நிலைக்கதவு நேற்று மாலை வரை இருந்ததாம்.