மைலோ டின்னில் ஐஸ்கிரீம், அதோடு கொஞ்சம் மோலாலிட்டி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைதோறும் என் வீட்டு முன்கூடத்தில் படிவம் ஆறு பிள்ளைகள் ஆறேழு பேருக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். தொகைசார் பண்புகள் (கரைந்த துகள் எது என்பதைப் பார்க்காமல் எத்தனை என்பதை மட்டும் பொறுத்து மாறும் உறைநிலை, கொதிநிலை போன்றவை) பாடம் வந்தால் ஒவ்வொரு ஆண்டும் ஒரே கதைதான், சூத்திரத்தைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள், கணக்கில் கோட்டை விடுவார்கள். அதனால் இப்போதெல்லாம் முதல் நாள் புத்தகத்தைத் திறப்பதே இல்லை, ஐஸ்கிரீம்தான். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். செய்தபிறகு கணக்கு தானாகப் பிடிபடும்.

வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மூடி இறுக்கமாக உட்காரும் பெரிய மைலோ டின் ஒன்று, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை இரண்டு, ஒரு கிலோ ஐஸ் (மளிகைக் கடையில் பொட்டலமாக விற்கிறார்களே, அதுவே போதும்), கல் உப்பு 300 கிராம், பால் 250 மில்லி, சீனி மூன்று மேசைக்கரண்டி, அதாவது 40 கிராம் அளவில், வாசனைக்கு ஒரு பாண்டான் இலை. ஒரு சமையல் தராசு. அப்புறம் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், சுழியத்துக்குக் கீழேயும் காட்டுமா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது.

பாலில் சீனியையும் பாண்டானையும் போட்டுச் சூடாக்கி, ஆறியதும் இலையை எடுத்துவிட்டுப் பையில் ஊற்றுங்கள். காற்றை அழுத்தி வெளியேற்றி ஜிப்பை மூடி, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டு அதையும் மூடுங்கள். ஒரு பை போதாதா என்று கேட்ட பையன் ஒருவன் ஒற்றைப் பையோடு உருட்டினான், அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டது கருவாட்டு ஐஸ்கிரீம். ஐஸைத் துணியில் கட்டிக் குழவியால் இடித்துக்கொண்டு டின்னில் கொட்டுங்கள்.

உப்பைப் போடுவதற்கு முன்னால் தெர்மாமீட்டரை ஒருமுறை குத்திப் பாருங்கள். உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் சுழியத்தில் நிற்கும், ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தால் அது உங்கள் தெர்மாமீட்டரின் குறை, குறித்து வைத்துக்கொண்டு பிறகு கழித்துவிடலாம். இப்போது உப்பைத் தூவிக் கிளறுங்கள். எண் இறங்கத் தொடங்கும். மைனஸ் ஐந்து, மைனஸ் எட்டு... பிள்ளைகள் டின்னைச் சுற்றித் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்க்கும் நேரம் இது. கடந்த முறை எங்கள் டின்னில் மைனஸ் 14 வரை போனது, டின்னுக்கு வெளியே காற்றில் இருந்த ஈரம் வெள்ளைப் பூப்போலப் படிந்துவிட்டது. பையை நடுவில் புதைத்து, மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பழைய துண்டில் சுருட்டிக் கால்மணி நேரம், இருபது நிமிடம் தரையில் உருட்டுங்கள். வெறுங்கையால் டின்னைப் பிடிக்க வேண்டாம், அந்தக் குளிர் தோலைப் புண்ணாக்கிவிடும்.

உருட்டும்போது யாராவது ஒரு பிள்ளை கேட்டே தீரும்: உப்பு போட்டால் ஐஸ் உருகுகிறது, உருகினால் சூடாகத்தானே வேண்டும், எப்படி சார் இன்னும் குளிராகிறது? இந்தக் கேள்வி வரும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன். சுழியத்தில் ஐஸும் தண்ணீரும் ஒன்றாக இருக்கும்போது ஐஸை விட்டுப் போகிற நீர் மூலக்கூறுகளும் ஐஸில் வந்து ஒட்டிக்கொள்கிற மூலக்கூறுகளும் சரிசமம், போக்குவரத்து உண்டு, நிலுவை இல்லை. தண்ணீரில் உப்பு கரைந்ததும் திரும்பி வந்து ஒட்டுகிறவை குறைந்துவிடுகின்றன, தண்ணீர்ப் பக்கத்தில் கொஞ்சம் இடத்தை உப்பின் அயனிகள் பிடித்துக்கொண்டதால். போகிறவை குறையவில்லை. ஆகவே ஐஸ் உருகுகிறது. ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும், அடியில் அடுப்பு இல்லை, ஆகவே அந்த வெப்பத்தைப் பெரும்பாலும் ஐஸும் உப்புத் தண்ணீரும் தம்மிடமிருந்தும் அந்தப் பாலிடமிருந்தும் எடுத்துத்தான் ஆகவேண்டும். உருகுவதும் குளிர்வதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம்.

ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், கணக்குப் போடலாம்.

முதலில் அந்தப் பால். வெறும் ஐஸில் வைத்தால் ஏன் உறையாது? 250 மில்லி பாலில் தண்ணீர் ஏறக்குறைய 225 கிராம். சீனி 40 கிராம், அதன் மோலார் நிறை (ஒரு மோலின் எடை, மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு) 342, ஆக 0.117 மோல். அதை 0.225 கிலோவால் வகுத்தால் மோலாலிட்டி, அதாவது ஒரு கிலோ தண்ணீருக்கு எத்தனை மோல் என்பது, 0.52. நீரின் உறைநிலைத் தாழ்வு மாறிலி, அதாவது மோலாலிட்டி ஒன்றுக்கு உறைநிலை இறங்கும் அளவு, 1.86. பெருக்கினால் 0.97 டிகிரி. பாலில் ஏற்கெனவே லாக்டோஸும் உப்புகளும் கரைந்திருப்பதால் சீனி போடாத பாலே மைனஸ் அரை டிகிரிக்குச் சற்றுக் கீழேதான் உறையும், அந்த எண் பெரிதாக மாறாது என்பதால்தான் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறார்களா என்பதைப் பால் தொழிற்சாலைகளில் உறைநிலையை அளந்தே பிடித்துவிடுகிறார்கள். ஆக நம் கலவை மைனஸ் ஒன்றரையில்தான் உறைய ஆரம்பிக்கும். தண்ணீர் ஐஸாகப் பிரியப் பிரிய மிச்சமிருக்கும் கரைசல் இன்னும் கெட்டியாகி அதன் உறைநிலை இன்னும் இறங்கிக்கொண்டே போகும். ஐஸ்கிரீம் கல்லாகாமல் கரண்டி இறங்குகிற பதத்தில் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அடுத்து உப்பு. 300 கிராமை 58.5-ஆல் வகுத்தால் 5.13 மோல். ஐஸ் முழுவதும் உருகிவிட்டதாக வைத்துக்கொண்டால் தண்ணீர் ஒரு கிலோ, மோலாலிட்டி 5.13. இங்கேதான் பாதிப் பேர் 1.86-ஆல் பெருக்கி 9.5 என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுகிறார்கள். உப்பு கரைந்தால் சோடியம் தனி, குளோரைடு தனி. ஒன்று போட்டால் இரண்டு. இரண்டால் பெருக்குங்கள், 19 டிகிரி. உண்மையில் உப்புக்கும் ஐஸுக்கும் உள்ள அடிமட்ட எல்லை மைனஸ் 21, மொத்த எடையில் உப்பு 23 விழுக்காடு இருக்கும்போது, நான் 300 கிராம் என்று சொன்னது அந்த விகிதத்துக்காகத்தான். நம் கணக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், இந்தச் சூத்திரம் நீர்த்த கரைசலுக்கு எழுதியது, இவ்வளவு கெட்டியான உப்புத் தண்ணீரில் இப்படி ஒத்துவந்தது அதிர்ஷ்டம். எங்கள் டின் மைனஸ் 14-லேயே நின்றதற்கு நம் ஊர் வெக்கைதான் காரணம், எங்களால் முடிந்த வேகத்தில் நாங்கள் உருட்ட, அதைவிட வேகமாக வெளிச்சூடு உள்ளே போகிறது.

ஒன்று இரண்டாகப் பிரிவதால் நாம் பெருக்கிய அந்த இரண்டுக்குப் பெயர் வாண்ட் ஹாஃப் காரணி, நெதர்லாந்து வேதியியலர் ஒருவரின் பெயர் அது. பிரான்சில் ரவுல்ட் என்பவர் 1880-களில் கரைசல் கரைசலாக உறையவைத்து அளந்துகொண்டிருந்தார், சீனி, யூரியா போன்றவை ஒழுங்காக ஒரே கணக்குக்குக் கட்டுப்பட்டன, உப்புகள் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று அடம்பிடித்தன. கரைசலில் உப்பு அயனிகளாகப் பிரிந்து கிடக்கிறது என்று சுவீடன்காரர் அரீனியஸ் சொன்னதும்தான் முடிச்சு அவிழ்ந்தது. வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் வாண்ட் ஹாஃபுக்கு, 1903-இல் அரீனியஸுக்கு. தேர்வில் இதெல்லாம் கேட்கமாட்டார்கள், போகட்டும்.

மோலை எண்ணுவது முக்கியம், கிராமை எண்ணினால் தப்பு என்பது மனதில் தங்க இன்னொரு சோதனை. இரண்டு கிண்ணத்தில் 500 கிராம் தண்ணீர், ஒன்றில் 30 கிராம் சீனி, இன்னொன்றில் 30 கிராம் உப்பு. ஃப்ரீசரில் வைத்து அவ்வப்போது கிளறி, ஐஸ் ஊசிகள் மிதக்க ஆரம்பித்ததும் வெப்பநிலையைப் பாருங்கள். முழுக்க உறையவிடாதீர்கள், மேலே பாலுக்குச் சொன்ன அதே காரணம்தான். சீனிக் கிண்ணம் 0.33 டிகிரிதான் இறங்கியிருக்கும், உப்புக் கிண்ணம் கணக்குப்படி 3.8. ஒரே எடை, பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். உப்பில் கையில் கிடைப்பது 3.5-க்குப் பக்கத்தில்தான் இருக்கும், அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதால் காரணி முழு இரண்டுக்கு வருவதில்லை. பள்ளிக் கணக்கில் இரண்டு என்றே போடுங்கள்.

மற்றபடி மதிப்பெண் போகிற இடங்கள் எனக்கு மனப்பாடம். மோலாலிட்டிக்கு வகுக்க வேண்டியது கரைப்பானின் கிலோவால், கரைசலின் கிலோவாலும் இல்லை, லிட்டராலும் இல்லை. சூத்திரம் தருவது எவ்வளவு இறங்கியது என்பதை, உறைநிலையை அன்று. தண்ணீருக்கு இரண்டும் ஒரே எண்ணாக வருவதால் பிழைத்துவிடுவீர்கள், பென்சீன் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள், அது 5.5 டிகிரியில் உறைவது, அதிலிருந்து கழிக்க வேண்டும். தெரியாத பொருளின் மோலார் நிறையைக் கேட்டால் பின்னாலிருந்து நடங்கள்: 100 கிராம் தண்ணீரில் ஏதோ ஒன்று 9 கிராம் கரைந்து, பிரியாமல், மைனஸ் 0.93-இல் உறைகிறது என்றால் மோலாலிட்டி அரை, தண்ணீர் 0.1 கிலோ, ஆக 0.05 மோல், 9-ஐ அதால் வகுத்தால் 180. குளுக்கோஸாக இருக்கலாம். பிரக்டோஸாகவும் இருக்கலாம், அதற்கும் 180 தான், உறைநிலைக்கு இரண்டும் ஒன்றே.

கொதிநிலை ஏற்றத்துக்கும் இதே நடை, மாறிலி மட்டும் 0.512. உப்புப் போட்டால் சோற்றுத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று யாராவது சொன்னால் போட்டுக் காட்டுங்கள்: மூன்று லிட்டரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு, 18 கிராம் என்றால், கொதிநிலை ஏறுவது 0.1 டிகிரி. சீக்கிரமும் இல்லை, தாமதமும் இல்லை, ருசிக்குப் போடுங்கள். ஆனால் தீபாவளிக்கு அதிரசப் பாகு காய்ச்சும்போது கதை வேறு. கால் கிலோ தண்ணீருக்கு ஒரு கிலோ சீனி என்றாலே கணக்கு 106 டிகிரி காட்டும், அவ்வளவு அடர்த்தியில் உண்மை அதையும் தாண்டும். தண்ணீர் ஆவியாகப் போகப் போகப் பாகின் சூடு ஏறும், ஆகவே பாகில் நிற்கும் தெர்மாமீட்டர் உண்மையில் அளப்பது செறிவை. அம்மா ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து அடுப்பை அணைப்பதும் அதே அளவைதான், அவரிடம் தெர்மாமீட்டரைக் கொடுத்தேன், இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டார்.

இன்னொரு தொகைசார் பண்பு சவ்வூடு பரவல் அழுத்தம், மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீர் செறிவான கரைசலுக்குள் நுழைவதால் வருவது. அதற்கு வெளியே போய்த் தேட வேண்டாம், நம்மைச் சுற்றி நிற்கும் பால்மரம், அதாவது ரப்பர் மரம் போதும். இப்போது எங்கள் பக்கம் செம்பனைதான் அதிகம், ஆனாலும் அம்மா பால்மரம் வெட்டியவர், பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. இருட்டோடு பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய் விடிவதற்குள் நிரையில் நிற்பார், சூரியன் ஏறினால் பால் குறைந்துவிடும் என்பார். ஏன் குறைகிறது? பட்டைக்குள் ஓடும் பால் குழாய்களின் திரவத்தில் சர்க்கரைகளும் உப்புகளும் கரைந்திருக்கின்றன, அதனால் சுற்றிலுமிருந்து தண்ணீர் உள்ளே நுழைந்து குழாயை உப்பவைக்கிறது, விடிவதற்கு முன் அந்த அழுத்தம் 10 வளிமண்டலத்தையும் எட்டும். கத்தி பட்டதும் பால் பீறிட்டு மங்குக் கிண்ணத்தில் இறங்குவது அந்த அழுத்தத்தால். வெயில் வந்தால் இலைகள் தண்ணீரை இழுத்து வெளியே விடுகின்றன, அழுத்தம் விழுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பாலில் மூன்றில் ஒரு பங்கு ரப்பர். ஆனால் அந்த அழுத்தத்தில் ரப்பரின் பங்கு கிட்டத்தட்ட சுழியம். போட்டுப் பாருங்கள்: 27 டிகிரியில் 10 வளிமண்டலம் வேண்டுமென்றால் லிட்டருக்கு 0.4 மோல் துகள் வேண்டும். ரப்பர் துகள் ஒன்றின் குறுக்களவு ஒரு மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், லிட்டரில் 300 கிராம் ரப்பர் இருந்தும் துகள்களின் எண்ணிக்கை ஒரு மோலில் நூறு கோடியில் ஒரு பங்குதான். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற அத்தனையும் சும்மா நிற்கிற ஆள், கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் சர்க்கரையும் உப்பும்தான் மொத்த வேலையும் பார்க்கின்றன.

கடைசியாக, டின்னில் மிஞ்சிய உப்புத் தண்ணீரை என்ன செய்வது என்று சொல்லவில்லையே. சாக்கடையில் ஊற்றுங்கள், அல்லது அகலத் தட்டில் வெயிலில் வைத்துக் காயவிட்டால் உப்பு திரும்பக் கிடைக்கும், அடுத்த முறைக்கு ஆகும். செடி கொடிக்கு ஊற்றிவிடாதீர்கள், மண்ணில் உப்பு கூடினால் வேர் தண்ணீரை இழுப்பதற்குப் பதில் வேரிலிருந்து தண்ணீர் வெளியே போய்விடும். முதல் வருடம் நான் நான்கு வாரம் தொடர்ந்து கொல்லைப்புறத்துக் கறிவேப்பிலைக்கு அடியில் ஊற்றினேன். வேதியியல் வாத்தியார் என்று அம்மா இன்றைக்கும் அந்த இடத்தைக் காட்டித்தான் விருந்தாளிகளுக்கு என்னை அறிமுகப்படுத்துகிறார்.