சங்கத் தேர்தல் குறித்துப் புகார் அளித்த உறுப்பினரைப் பழிவாங்கலிலிருந்து காப்பது எப்படி?

அமெரிக்காவில் தனியார் துறைத் தொழிற்சங்கங்களின் உள்தேர்தல்களை ஒழுங்குபடுத்துவது, லாண்ட்ரம்–கிரிஃபின் சட்டம் என்று பரவலாக அழைக்கப்படும் 1959-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமாகும். உள்ளூர்ச் சங்கம் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது ரகசிய வாக்கெடுப்பின் மூலம் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்தல் அறிவிப்பைக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே ஒவ்வோர் உறுப்பினரின் வீட்டு முகவரிக்கும் அஞ்சலில் அனுப்ப வேண்டும், வாக்குச்சீட்டுகளையும் தேர்தல் பதிவேடுகளையும் ஓராண்டு பத்திரப்படுத்த வேண்டும் என்று அது விதிக்கிறது. இவை மீறப்பட்டால் தொழிலாளர் துறையிடம் புகார் அளிக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். புகாரை விசாரிக்கும் இடம் வேறு, புகார் அளித்தவரைக் காக்கும் இடம் வேறு என்பதுதான், பெரும்பாலும் பழிவாங்கல் தொடங்கிய பிறகே தெரியவருகிறது. தொழிலாளர் துறை தேர்தல் செல்லுமா என்பதை ஆராயும். புகார் அளித்ததற்காக உங்கள் மீது சங்கம் அபராதம் விதித்தால், அதை எதிர்த்து நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டியவர் நீங்களே. ஆகவே இரண்டு பாதைகளையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

பழிவாங்கலுக்கு இடம் கொடுப்பது சட்டத்தின் அமைப்பே என்று சொன்னால் அது மிகையாகாது. புகாருக்கு உள்ளான தேர்தல், இறுதி முடிவு வரும்வரை செல்லுபடியானதாகவே கருதப்படும். வென்றவர்களே சங்கத்தை நடத்துவார்கள். புகார் வந்த 60 நாட்களுக்குள் தொழிலாளர் துறை அமைச்சர் வழக்குத் தொடுக்க வேண்டும் என்ற வரம்பு இருந்தாலும், சங்கத்தின் ஒப்புதலோடு அது நீட்டிக்கப்படுவதும் உண்டு. அதற்குப் பிறகு நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும் காலம் தனி. அந்தக் காலம் முழுவதும், யார்மீது புகாரோ அவர்கள் கையில்தான் உறுப்பினர் பட்டியலும், ஒழுங்கு விசாரணைக் குழுவும், சில தொழில்களில் வேலைக்கு ஆள் அனுப்பும் அதிகாரமும் இருக்கும்.

இந்த ஆபத்தின் உச்சத்தை அமெரிக்கத் தொழிற்சங்க வரலாறு ஒருமுறை கண்டது. 1969 டிசம்பரில் நடந்த ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கத் தேர்தலில் தலைவர் டோனி பாயிலை எதிர்த்துப் போட்டியிட்ட ஜாக் யப்லான்ஸ்கி, தேர்தலுக்கு முன்பே தொழிலாளர் துறையின் தலையீட்டைக் கோரினார். வாக்குப்பதிவுக்கு முன் தலையிட அத்துறை மறுத்துவிட்டது. அதே மாதம் 31-ஆம் தேதி அவரும் அவருடைய மனைவியும் மகளும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். 1972-இல் நீதிமன்றம் அந்தத் தேர்தலை ரத்து செய்தது. கொலைக்காக பாயில் பின்னர் தண்டிக்கப்பட்டார். இன்று உறுப்பினர்கள் சந்திக்கும் பழிவாங்கல் பெரும்பாலும் இத்தகையதன்று. அது சிறியதாக, மறைமுகமாக, மறுக்கத்தக்கதாக வருகிறது. இருப்பினும், உறுப்பினரின் உரிமையைத் தடுக்க வன்முறையையோ மிரட்டலையோ பயன்படுத்துவது இதே சட்டத்தின்கீழ் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதால், மிரட்டல் வந்த அன்றே காவல் துறையிடமும் தொழிலாளர் துறையிடமும் அதை எழுத்தில் தெரிவிக்கத் தயங்க வேண்டியதில்லை.

கையெழுத்திடும் முன்

முதல் கேள்வி, புகாரில் யார் கையெழுத்திடுவது என்பது. தோற்ற வேட்பாளர்தான் புகார் அளிக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, சங்கத்தின் எந்த உறுப்பினரும் அளிக்கலாம். நிர்வாகிகளின் தயவில் பதவி வகிப்பவர் முன்வரிசையில் நிற்பது புத்திசாலித்தனமன்று. 1982-ஆம் ஆண்டின் ஃபின்னிகன் எதிர் லூ வழக்கில், தேர்தலில் எதிரணியை ஆதரித்த நியமன ஊழியர்களைப் புதிய தலைவர் பணிநீக்கம் செய்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுடைய உறுப்பினர் உரிமை பறிக்கப்படவில்லை, நியமனப் பதவி மட்டுமே போயிற்று என்பது அதன் வாதம். எதிர்ப்புக் குரலைத் திட்டமிட்டு நசுக்கும் முயற்சியின் பகுதியாக அத்தகைய நீக்கம் நடந்தால் என்ன என்ற கேள்வியை நீதிமன்றம் திறந்தே வைத்தது. ஆனால் அந்த இடுக்கில் நுழைந்து வெல்வது எளிதன்று. தேர்ந்தெடுக்கப்பட்ட பதவியில் இருப்பவரின் நிலை வேறு. 1989-இல் ஷீட் மெட்டல் ஒர்க்கர்ஸ் எதிர் லின் வழக்கில், சங்கக் கூட்டத்தில் சந்தா உயர்வை எதிர்த்துப் பேசியதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகியை நீக்கியது பேச்சுரிமை மீறல் என்று அதே நீதிமன்றம் கூறியது. ஆகவே நியமன ஊழியர் தம்மிடமுள்ள ஆதாரத்தைக் கொடுக்கட்டும். கையெழுத்தை, இயன்றால் சாதாரண உறுப்பினர்கள் மூவரோ நால்வரோ சேர்ந்து இடட்டும். ஒருவரைத் தனிமைப்படுத்துவதைவிடப் பலரை ஒரே காரணத்துக்காகத் தண்டிப்பது சங்கத்துக்கு மிகவும் சங்கடமானது.

இரண்டாவது, சந்தா. ஒழுங்கு நடவடிக்கைக்கு எதிராகச் சட்டம் தரும் பாதுகாப்புகள் எவையும், சந்தா செலுத்தாததற்காக உறுப்பினரை நீக்குவதற்குப் பொருந்துவதில்லை. புகார் அளித்தவரை வெளியேற்ற இதைவிட வசதியான வாசல் கிடையாது. சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்யப்படும் சந்தாவில் தாமதம் ஏற்பட்டால், அதைக் காட்டி வாக்குரிமையையோ போட்டியிடும் உரிமையையோ மறுக்க முடியாது என்றாலும், வேலை இல்லாத மாதங்களிலும் மருத்துவ விடுப்பிலும் பிடித்தம் நின்றுபோவதைக் கவனித்து நீங்களே செலுத்தி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தாமதக் கட்டணமோ பழைய பாக்கியோ சில டாலர் இருந்தாலும் புகாருக்கு முன்பே தீர்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, சங்க விதிமுறைகளின் முழுப் பிரதி. சங்க அலுவலகத்தில் கேட்டால் யார் கேட்டது என்ற செய்தி பரவும் என்று அஞ்சினால், சட்டப்படி ஒவ்வொரு சங்கமும் தொழிலாளர் துறையிடம் தாக்கல் செய்துள்ள பிரதியை அங்கிருந்தே பெறலாம். தேர்தல் ஆட்சேபத்தை யாரிடம், எத்தனை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதும், உறுப்பினர்மீது எந்தப் பிரிவுகளில் குற்றஞ்சாட்ட முடியும் என்பதும் அதில்தான் இருக்கும். ‘சங்கத்துக்கு அவப்பெயர் ஏற்படுத்துதல்’ போன்ற தெளிவற்ற பிரிவு இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வரக்கூடியது அதுதான்.

நான்காவது, காலவரிசைக் குறிப்பேடு. பழிவாங்கல் வழக்குகள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நிற்கின்றன: புகாருக்கு முன் உங்களை எப்படி நடத்தினார்கள், பின் எப்படி நடத்துகிறார்கள்? பின்னர் நடப்பதை எல்லோரும் எழுதிவைக்கிறார்கள். முன்னர் இருந்ததை எழுதிவைப்பவர் அரிது. கடந்த ஓராண்டில் உங்களுக்குக் கிடைத்த வேலை நாட்கள், மிகைநேரம், சங்கத்தில் வகித்த பொறுப்புகள், உங்கள் குறைமுறையீடுகள் எவ்வளவு நாளில் முடிந்தன என்பவற்றைப் புகாருக்கு முன்பே தொகுத்து வையுங்கள். உங்களைப் போன்ற நிலையில் உள்ள, புகார் அளிக்காத சக உறுப்பினர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்துக் குறிப்பது அதைவிடப் பயன்படும். இவற்றைச் சங்கக் கணினியிலோ நிறுவன மின்னஞ்சலிலோ வைக்காதீர்கள். உரையாடல்களை ஒலிப்பதிவு செய்யும் முன் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில், அந்தரங்க உரையாடலைப் பதிவு செய்ய அதில் பங்குபெறும் அனைவரின் ஒப்புதலும் வேண்டும், மீறினால் குற்றவாளியாவது நீங்கள்தான்.

புகாரை எழுதும்போது

முதலில் சங்கத்துக்குள் ஆட்சேபம் எழுப்ப வேண்டும். உள்முறையீட்டின் எல்லாப் படிகளையும் முடித்துவிட்டாலோ, 3 மாதம் கடந்தும் இறுதி முடிவு வராவிட்டாலோ, அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் தொழிலாளர் துறையிடம் செல்லலாம். மார்ச் 10 அன்று உள்முறையீட்டைத் தொடங்கி ஜூன் 10 வரை முடிவு வரவில்லை என்றால், ஜூலை 10-க்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.

உள் ஆட்சேபத்தில் எழுப்பாத விஷயத்தைப் பின்னர் வழக்கில் சேர்க்க முடியாமல் போகலாம் என்பதால், தெரிந்த மீறல்கள் அனைத்தையும் அப்போதே எழுதிவிட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தேர்தலுக்கு முன்போ தேர்தலின்போதோ, ஒரு வேட்பாளரை ஆதரித்ததற்காக யாராவது மிரட்டப்பட்டிருந்தாலோ வேலை மறுக்கப்பட்டிருந்தாலோ, அது தனியொருவரின் துயரம் மட்டுமன்று, தேர்தல் விதிமீறலே. விரும்பிய வேட்பாளரை எவ்விதப் பழிவாங்கலுக்கும் ஆளாகாமல் ஆதரிக்கும் உரிமை தேர்தல் பிரிவிலேயே எழுதப்பட்டுள்ளது. எனவே அது ஆட்சேபத்தில் இடம்பெற வேண்டும். புகாருக்குப் பின் வரும் பழிவாங்கல் அந்தப் பாதையில் சேராது. அதற்கு உரியது நீதிமன்றமே.

நடையைப் பொறுத்தவரை, தேதி, இடம், கண்டவர் ஆகியவற்றோடு எழுதுங்கள். ‘திருடன்’, ‘ஊழல் கும்பல்’ போன்ற சொற்களைத் தவிருங்கள். நிர்வாகியை அவதூறு செய்ததாகக் கூறி உறுப்பினரைச் சங்கம் தண்டிக்க முடியாது என்று 1963-இல் சால்ஸ்ஹாண்ட்லர் எதிர் கபுட்டோ வழக்கில் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும், சங்கம் தண்டிக்க முடியாது என்பதற்கும், அந்த நிர்வாகி தனிப்பட்ட முறையில் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குப் போட முடியாது என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால்

அதை வாங்க மறுக்காதீர்கள். கூட்டத்தில் கிழித்தெறியவும் வேண்டாம். இச்சட்டம் தரும் எந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காகவும் உறுப்பினருக்கு அபராதம் விதிப்பது, இடைநீக்கம் செய்வது, வெளியேற்றுவது, வேறு வகையில் தண்டிப்பது ஆகியவை சட்டவிரோதம் என்று 609-ஆம் பிரிவு கூறுகிறது. அதை உறுப்பினரே கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் நிலைநாட்டலாம். இதனோடு, குற்றச்சாட்டு எழுத்தில், குறிப்பாக இருக்க வேண்டும், தற்காத்துக்கொள்ளத் தயாராவதற்கு நியாயமான அவகாசம் தர வேண்டும், முழுமையான, நேர்மையான விசாரணை நடக்க வேண்டும் என்ற 101-ஆம் பிரிவின் பாதுகாப்பும் உண்டு. ஆகவே முதல் பதில் சுருக்கமாக இருக்கட்டும்: எந்தச் செயல், எந்தத் தேதி, எந்த விதி என்று கேளுங்கள், புகாரில் பெயர் குறிக்கப்பட்டவர்கள் விசாரணைக் குழுவில் அமர்வதை எழுத்தில் ஆட்சேபியுங்கள், விசாரணைக்கு நேரில் செல்லுங்கள். வராமல் போனவர் என்ற பதிவு பிற்பாடு உங்களுக்கு எதிராகவே பேசும்.

சங்கத்துக்குள் இருக்கும் நியாயமான முறையீட்டு வழிகளை 4 மாதம் வரை முயன்றுபார்க்குமாறு உங்களைக் கேட்கலாம். ஆனால் முறையீட்டைக் கேட்பவர்களே குற்றஞ்சாட்டியவர்களாக இருந்து பயனில்லை என்று தெரிந்தால் நீதிமன்றம் அதை வலியுறுத்தாமல் விடலாம். தண்டனை உடனே நடைமுறைக்கு வந்து ஈடுசெய்ய முடியாத இழப்பு நேரும் என்றால், இடைக்காலத் தடை கோருவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. செலவைப் பற்றிய அச்சத்துக்கு ஓரளவு ஆறுதல், 1973-இன் ஹால் எதிர் கோல் தீர்ப்பு: தவறாக வெளியேற்றப்பட்டு வழக்கில் வென்ற உறுப்பினருக்கு, வழக்கறிஞர் கட்டணத்தைச் சங்கமே செலுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

வேலையில் கைவைத்தால்

இதுதான் கடினமான பகுதி. குறிப்பாணையும் இருக்காது, விசாரணையும் இருக்காது. வேலைக்கு அழைக்கும் பட்டியலில் உங்கள் பெயர் மட்டும் கீழே இறங்கிக்கொண்டே போகும். 1989-ஆம் ஆண்டின் பிரைனிங்கர் வழக்கில், நிர்வாகியின் போட்டியாளரை ஆதரித்ததால் தமக்கு வேலைப் பரிந்துரை மறுக்கப்பட்டதாக ஓர் உறுப்பினர் முறையிட்டார். சங்கம் ஓர் அமைப்பாகத் தன் விதிகளை நிலைநாட்ட விதிக்கும் தண்டனையே இச்சட்டத்தின் பொருளில் ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்றும், நிர்வாகிகளின் தனிப்பட்ட பழிதீர்ப்பு அதில் அடங்காது என்றும் கூறிய உச்ச நீதிமன்றம், உறுப்பினர்களை நேர்மையாகப் பிரதிநிதித்துவம் செய்யும் கடமையைச் சங்கம் மீறியது என்ற வழக்கை அவர் தொடரலாம் என்றது. இதிலிருந்து பெறும் நடைமுறைப் பாடம், 609-ஆம் பிரிவை மட்டும் நம்பி வழக்கு எழுதக் கூடாது என்பதே. பேச்சுரிமைப் பிரிவையும் பிரதிநிதித்துவக் கடமையையும் சேர்த்தே எழுதும்படி வழக்கறிஞரிடம் கேளுங்கள். அழைப்புப் பட்டியலின் நகலையோ, தினமும் பார்த்து எழுதிய குறிப்பையோ கையில் வைத்திருங்கள்.

சங்கம் தூண்டி, முதலாளி உங்களைப் பணிநீக்கம் செய்தாலோ இடம் மாற்றினாலோ, இருவர்மீதும், முதலாளிகளும் சங்கங்களும் செய்யும் முறைகேடுகளை விசாரிக்கும் கூட்டாட்சி அமைப்பான தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் குற்றச்சாட்டுப் பதிவு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் 6 மாதத்துக்குள் பதிந்தாக வேண்டும். பிரதிநிதித்துவக் கடமை மீறல் வழக்குக்கும் பெரும்பாலும் அதே 6 மாதமே கணக்கு. பேச்சுரிமை மீறலுக்கான காலவரம்போ மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தேர்தல் புகாரின் முடிவுக்காகக் காத்திருந்து இந்த 6 மாதத்தைத் தவறவிடுவது எளிதில் நேரக்கூடியது. ஒரு புகார் நிலுவையில் இருப்பதால் மற்றொன்றின் கடிகாரம் நின்றுவிடாது.

ரயில்வே, விமானத் துறைத் தொழிலாளர்கள் அந்த வாரியத்தின் வரம்புக்குள் வரமாட்டார்கள். ஆனால் அவர்களுடைய சங்கங்களுக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். அஞ்சல் ஊழியர் சங்கங்களுக்கும் அப்படியே. மாநில, மாவட்ட, நகராட்சி ஊழியர்களை மட்டுமே கொண்ட சங்கங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அவர்கள் மாநிலச் சட்டத்தையும் சங்க விதிமுறைகளையும் நாட வேண்டும். கூட்டாட்சி அரசு ஊழியர்களை மட்டும் கொண்ட சங்கங்கள் 1978-ஆம் ஆண்டின் குடிமைப் பணிச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் வருகின்றன. அங்கு உறுப்பினர் உரிமை மீறலுக்கும் நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தொழிலாளர் துறையின் வட்டார அலுவலகத்திலேயே புகார் அளிக்க வேண்டும்.