தையற்கடை போர்டு, டிபன் கடைக்கு: பழைய அக்ரிலிக் முகப்பைத் தேற்றுவது எப்படி?

இழுத்து மூடிய தையற்கடை ஒன்றின் க்ளோ சைன் போர்டு எங்கள் மாடிப்படிக்குக் கீழே இரண்டு வருஷமாகக் கிடந்தது. நாலடிக்கு இரண்டடி. பால் வெள்ளை அக்ரிலிக் முகப்பு, சுற்றி அலுமினியச் சட்டம், உள்ளே இரண்டு டியூப்லைட். பழைய இரும்புக்குப் போட்டால் அலுமினியத்துக்கு மட்டும் காசு வரும், அக்ரிலிக் குப்பைக்குத்தான் போகும். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா மகன் டிபன் கடை போட்டான். சரி, இதையே தேற்றிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு மூலையைக் கெடுத்தும் விட்டேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், கையில் இருப்பது என்ன?

ஃப்ளெக்ஸ் என்றால் இந்த வேலையே வேண்டாம். அது துணி மாதிரி இழுத்துக் கட்டியது, நிறம் போனால் போனதுதான். கெட்டியான ஷீட்டாக இருந்தால் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். அக்ரிலிக் ‘டக்’கென்று கூர்மையாகச் சத்தம் தரும், அதிகம் வளையாது, அதன் ஓரம் கண்ணாடி போலச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கும். பாலிகார்பனேட் என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் மந்தமாகச் சத்தம் தரும், எவ்வளவு வளைத்தாலும் சட்டென்று உடையாது. வெயிலில் பல வருஷம் நின்று மஞ்சளாகிப் போனதும் பெரும்பாலும் இதுதான்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், வெளியில் மாட்டும் பாலிகார்பனேட்டில் வெயிலைத் தாங்கும் மெல்லிய படலம் ஒன்று மேலே இருக்கும், அதுவும் பல ஷீட்டுகளில் ஒரு பக்கம் மட்டும். உப்புத்தாள் போட்டால் அந்தப் படலம் போய்விடும், அப்புறம் முன்னைவிட வேகமாக மஞ்சளாகும். அதனால் பாலிகார்பனேட்டைக் கழுவி மாட்டலாம், தேய்க்கக் கூடாது. பால் வெள்ளை அக்ரிலிக்குக்கு அந்தக் கவலை இல்லை. நிறம் முழுக் கனத்திலும் ஒரே மாதிரி கலந்திருக்கும், மேலே கொஞ்சம் போனாலும் கீழே அதே வெள்ளைதான். இனிச் சொல்வதெல்லாம் அக்ரிலிக்குக்கு.

வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உடம்பு முழுக்க நூல் நூலாக மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால் அந்த ஷீட் தேறாது. ஓரத்தில் மட்டும் வெடிப்பு என்றால் அந்த ஓரத்தை வெட்டிவிட்டுச் சின்ன போர்டாக்கிக்கொள்ளலாம்.

கழற்றுதல், கழுவுதல்

மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டரால் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். டியூப்லைட்டை உடைக்காமல் எடுங்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. சட்டத்தின் ஸ்குரூ துருப்பிடித்து இறுகியிருந்தால் ஷீட்டை நெம்பாதீர்கள், ஸ்குரூவின் தலையை அறுத்துவிடுங்கள். ஸ்குரூ நாலணா சமாச்சாரம்.

தூசியைத் துணியால் துடைத்துவிடத்தான் கை போகும். செய்யாதீர்கள். ரோட்டோரத் தூசி என்பது பாதி மணல். காய்ந்த துணியோடு சேர்ந்தால் அதுவே உப்புத்தாள். முதலில் ஹோஸ் பைப்பில் தண்ணீரை ஓடவிட்டு மணலை இறக்குங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரும், பழைய பனியன் துணியும் போதும். சபீனாவும் பச்சை ஸ்க்ரப்பரும் பக்கத்திலேயே வரக் கூடாது.

பழைய எழுத்தை உரித்தல்: நான் கெடுத்த இடம்

வினைல் ஸ்டிக்கர் எழுத்து புதிதாக இருந்தால் அப்படியே உரிந்து வரும். வெயிலில் காய்ந்தது நகக்கண் அளவுக்குப் பிய்ந்து பிய்ந்து வரும். ஹேர் டிரையரால் ஒரு எழுத்தாகச் சூடு காட்டி, ஓரத்தை நகத்தால் கிளப்பி, வந்த வழியே மடக்கி மெதுவாக இழுங்கள். பெயிண்ட் உரிக்கும் ஹீட் கன் வேண்டாம். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகி நெளிந்துவிடும், அந்தத் துப்பாக்கியோ பல நூறு டிகிரிக்குப் போகக்கூடியது. கத்தியும் வேண்டாம். பழைய ஏ.டி.எம். கார்டு நல்ல சுரண்டி.

எழுத்து வந்த பிறகும் பசை மிச்சம் இருக்கும். பொறுமை இல்லாமல் நான் தின்னரைப் பஞ்சில் நனைத்து, ஸ்குரூ ஓட்டைக்குப் பக்கத்தில் தேய்த்தேன். பசை போய்விட்டது, எனக்கும் சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் ஓட்டையைச் சுற்றி வெள்ளி நூல் மாதிரி ஒன்று, இரண்டு, ஐந்து என்று கோடுகள் என் கண் முன்னாலேயே நீண்டன. அக்ரிலிக்கை வெட்டிய ஓரத்திலும் துளை போட்ட இடத்திலும் ஓர் இறுக்கம் அடங்கிக் கிடக்கும். தின்னர், அசிட்டோன், ஸ்பிரிட் பட்டால் அந்த இறுக்கம் வெடிப்பாக வெளியே வரும். நெயில் பாலிஷ் ரிமூவரும் சானிடைசரும் அதே ரகம். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் ஆகாது.

பசைக்குச் சரியான மருந்து மண்ணெண்ணெய். துணியில் கொஞ்சமாக நனைத்துப் பசை மேல் ஐந்து நிமிஷம் போட்டு வையுங்கள், கார்டால் வழித்தால் உருண்டு வரும். பிறகு சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை இரண்டு தடவை கழுவ வேண்டும். அந்தப் பிசுக்கின் மேல் புது ஸ்டிக்கர் நிற்காது. சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பேயாக நிற்கும் பழைய பெயர்

எல்லாம் முடிந்தது என்று சாய்த்துப் பார்த்தால் ‘டெய்லர்ஸ்’ என்று அழகாகத் தெரிந்தது! ஸ்டிக்கருக்கு அடியில் இருந்த இடம் பளபளப்பாகவே இருக்க, சுற்றியிருந்த இடம் வெயிலிலும் தூசியிலும் மங்கியதால் வந்த நிழல் அது. இதற்கு முதல் வைத்தியம் ரொம்பச் சுலபம்: ஷீட்டைத் திருப்பிப் போடுங்கள். உள்பக்கம் வெயிலையே பார்த்திருக்காது. துளைகள் இரு பக்கமும் சமமாக இருந்தால் அப்படியே பொருந்தும். பாதிப் பேருக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும்.

எனக்கு முடியவில்லை. உள்பக்கம் யாரோ ஒயரை வைத்து இழுத்த கீறல்கள். அதனால் தேய்க்க வேண்டி வந்தது.

தேய்த்தல்

காய்ந்த தேய்ப்பு வேண்டாம், தண்ணீர் விட்டுத்தான். ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள். நம்பர் கூடக் கூடத் தாள் நைஸாகும். வெறும் மங்கலுக்கு 800 நம்பரில் ஆரம்பித்தால் போதும், நகம் மாட்டுகிற கீறலுக்கு மட்டும் 400. அப்புறம் 1000, 1500, 2000. தாளை ஒரு ரப்பர் கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். ஒரு நம்பரில் நெடுக்காகத் தேய்த்தால் அடுத்த நம்பரில் குறுக்காகத் தேயுங்கள். முந்தைய கோடு முழுக்க மறைந்ததும் அடுத்ததற்குப் போகலாம். ஒவ்வொரு முறையும் ஷீட்டைக் கழுவி, வாளித் தண்ணீரையும் மாற்ற வேண்டும், 800-ன் ஒரு மணல் தங்கினாலும் 2000-ன் உழைப்பு வீண்.

பழைய சிவப்பு, மஞ்சள் ஷீட்டுகளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த நிறமி இருக்கக்கூடும். தூள் பறக்காமல் ஈரமாகவே தேய்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டைப் பனியன் துணியில் எடுத்து வட்டமாகத் தேய்த்தால் பளபளப்பு வரும். மெஷின் பிடித்தால் ஒரே இடத்தில் சூடேறி இளகும், முதல் தடவைக்குக் கைதான் நல்லது. எட்டுச் சதுர அடிக்கு எனக்கு இரண்டு சாயங்காலம் ஆனது, தோள்பட்டை வலி தனி.

வெடிப்பு

ஓடிக்கொண்டிருக்கும் வெடிப்பின் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டால் அதற்கு மேல் ஓடாது. பின்னால் அக்ரிலிக் துண்டு ஒட்டிச் சரிசெய்யலாம் என்று தோன்றும். பகலில் தெரியாது, இரவில் விளக்கைப் போட்டதும் அந்த இடம் மட்டும் கருப்புத் திட்டாக நிற்கும், இரட்டைக் கனத்தில் வெளிச்சம் குறையும் அல்லவா. ஒட்டுப் போடுவதென்றால் மேலே ஒளி புகாத எழுத்து வரும் இடமாகப் பார்த்துப் போடுங்கள். அக்ரிலிக் வேலைக்காரர்கள் குளோரோஃபார்ம் விட்டு ஒட்டுவார்கள். அது வீட்டில் வைத்து விளையாடும் பொருள் இல்லை, அவர்களிடமே கொடுத்துவிடலாம்.

திரும்ப மாட்டுதல்

அக்ரிலிக் வெயிலில் நீளும். நாலடி ஷீட் 30 டிகிரி வித்தியாசத்தில் இரண்டரை மில்லிமீட்டர் வரை நீளும். அதனால் ஸ்குரூவைவிடத் துளை பெரிதாக இருக்கட்டும், சட்டத்துக்குள் சுற்றிலும் இடைவெளி விடுங்கள், ஸ்குரூவை ஒரு சுற்றுத் தளர்த்தி வையுங்கள். என் தையற்கடை ஷீட் ஓரத்தில் வெடித்திருந்ததும் இறுக்கிப் பூட்டியதால்தான்.

உள்ளே டியூப்லைட்டுக்குப் பதில் எல்.இ.டி. மாடியூல் போட்டோம். இரண்டு மாடியூலுக்கு நடுவே உள்ள தூரம், பெட்டியின் ஆழத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் முகப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியாது. மின்வேலை பழக்கமில்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பெட்டியின் அடியில் தண்ணீர் வடியத் துளை வேண்டும், அந்தத் துளைக்குக் கொசுவலைத் துண்டும் வேண்டும். வலை இல்லாத போர்டில் ஒரே மழைக்காலத்தில் ஈசலும் பல்லியும் செத்துக் குவிந்து, கீழ் ஓரம் முழுக்கக் கருப்புப் பட்டையாகத் தெரியும்.

புது எழுத்தை ஒட்டும்போது சோப்புத் தண்ணீரைத் தெளித்து, நகர்த்திச் சரிசெய்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். வெட்டக் கொடுக்கும் முன் அளவு கணக்கும் ஒன்று உண்டு: தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப் பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு விளக்கைப் போட்டுப் பார்த்தோம். தின்னர் கெடுத்த மூலை சட்டத்துக்குள் போய்விட்டது. ‘டெய்லர்ஸ்’ஸின் கடைசி ‘ஸ்’ மட்டும் வலது கீழே லேசாகத் தெரிந்தது. தம்பி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “அண்ணே, ஃபோன் நம்பரை அந்த இடத்தில் பெரிசாக ஒட்டிடலாம்” என்றான். ஒட்டிவிட்டோம்.