உரிமம் பெற்ற துப்பாக்கியைச் சென்னையில் விற்பது எப்படி?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கண்காட்சியில் விற்பதா, இணைய வரி விளம்பரத்தில் விற்பதா என்று யோசிப்பார்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இங்கே முதலில் பார்க்க வேண்டியது, வாங்குபவரிடம் அதே வகைத் துப்பாக்கிக்கான செல்லுபடியாகும் உரிமம் இருக்கிறதா என்பதைத்தான்.

சொந்தப் பயன்பாட்டுக்காகச் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை விற்க நினைப்பவர், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5ஆவது பிரிவின்படி, தம் எண்ணத்தையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, அதன்பின் குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும். சென்னையில் உரிமம் சார்ந்த அதிகாரம் மாநகரக் காவல் ஆணையரிடம் இருப்பதால், வேப்பேரி ஆணையர் அலுவலகத்திலும் கடிதம் கொடுத்து, ஒப்புகை முத்திரையிட்ட நகலைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் அந்தத் துப்பாக்கி எங்கே என்று கேட்டால், உங்களைக் காப்பது அந்த ஒரு தாள்தான்.

வாங்குபவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் 45 நாளுக்கு முன் துப்பாக்கியையோ தோட்டாக்களையோ கையில் கொடுக்காதீர்கள். கைமாறும்போது துப்பாக்கியின் வரிசை எண்ணை உங்கள் உரிமப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, உங்கள் உரிமத்திலிருந்து அது நீக்கப்படுவதை உறுதிசெய்யுங்கள்.

அறிமுகமில்லாதவருக்கு விற்பதைவிட, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன். விலை சற்றுக் குறைந்தாலும் மனம் நிம்மதியாக இருக்கும். இறந்த தந்தையின் துப்பாக்கி வீட்டில் இருந்தால், விற்பனையைப் பேசுவதற்கு முன் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.