காதுக்குழல்: செய்பவர்களும் வாங்குபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அகன்ற வாய், படிப்படியாக ஒடுங்கும் உடல், காதுத் துளையில் பொருந்தும் சின்ன முனை. மின்சாரக் கருவிகள் வருவதற்கு முன் காது மந்தமானவர்களுக்கு இருந்த துணை இவ்வளவுதான். 17-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர்கள் காதுக்குழலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். 1800-இல் லண்டனில் ஃபிரெட்ரிக் ரைன் அதை வணிகமாகச் செய்து விற்க ஆரம்பித்தார். அவர் தொடங்கிய கடை 1963 வரை நடந்தது.

இன்று காதுக்குழலைத் தொடுபவர்கள் மூன்று வகை: அறிவியல் கண்காட்சிக்கு மாதிரி செய்பவர்கள், நாடகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ நகல் செய்பவர்கள், பழம்பொருள் சேகரிப்பவர்கள். தவறுகள் பெரும்பாலும் முதல் இரண்டு வகையினரிடம் நடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: இதை ஒலிபெருக்கி என்று நினைத்துவிடுவது.

ஆற்றல் எங்கிருந்தும் வந்து சேராது

ஒலிபெருக்கியில் மின்சாரம் வேலை செய்கிறது. காதுக்குழலில் அப்படி எதுவும் இல்லை. அகன்ற வாயில் விழும் ஒலியைக் குறுகிய வழியில் செலுத்துவதால் காதுக்குள் ஒலியழுத்தம் கூடுகிறது, அவ்வளவே. வழியில் கசிந்ததும் உராய்வில் போனதும் போனதுதான். அதை ஈடுகட்ட உள்ளே எதுவும் கிடையாது.

வாயின் விட்டத்தைக் காதுத் துளையின் விட்டத்தால் வகுத்து "20 மடங்கு அழுத்தம், அதாவது 26 டெசிபல்" என்று அட்டையில் எழுதி வைப்பதைக் கண்காட்சிகளில் பார்க்கலாம். 14 செ.மீ. வாய், 7 மி.மீ. காதுத் துளை என்றால் காகிதத்தில் கணக்கு சரிதான். நடைமுறையில் அது எல்லா ஒலிக்கும் கிடைக்காது. வாயின் சுற்றளவைவிட அலைநீளம் பெரிதாக இருந்தால் அந்த ஒலியைக் குழலால் சரியாக அள்ள முடியாது. 14 செ.மீ. வாய்க்குச் சுற்றளவு 44 செ.மீ.; அந்த அலைநீளத்துக்கு உரிய அதிர்வெண் சுமார் 800 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகப் போகப் பலன் குறையும். நன்றாகச் செய்த குழல் பேச்சொலியின் நடுப்பகுதியில் 10 முதல் 20 டெசிபல் கொடுத்தால் அதுவே நல்ல வேலை. அட்டையில் அதையே எழுதுங்கள்.

விசிறிக்குள்ளும் தலைப்பட்டைக்குள்ளும் ஒளித்து வைத்த கருவிகள் ஏன் சுமாராகவே வேலை செய்தன என்பதற்கும் இதே கணக்குதான் பதில். ரைன் தலைமுடிக்குள் மறையும் பட்டைகளும் விற்றார். வாய் சிறியது, பலனும் சிறியது. வாங்கியவர்கள் கேட்கும் திறனைவிடக் கூச்சத்துக்குத்தான் அதிகம் செலவழித்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

வெட்டும்போது நடக்கும் பிழைகள்

கூம்பைக் கண்ணளவில் சுருட்டினால் வாய் கோணலாகும், கழுத்தில் இடைவெளி விழும். கணக்கு எளிது. சாய்நீளம் 40 செ.மீ., வாய் விட்டம் 14 செ.மீ. வேண்டுமென்றால், 40 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டத்துண்டு வரைய வேண்டும். அதன் கோணம்: 360 × 7 ÷ 40 = 63 பாகை. ஒட்டுவதற்கு ஒரு பக்கம் 1 செ.மீ. கூடுதலாக விடவும். நுனியில் 1 செ.மீ. விட்டமுள்ள துளை வர, உச்சியிலிருந்து 2.9 செ.மீ. தூரத்தில் ஒரு சிறு வில் வரைந்து வெட்டி எடுக்கவும்.

பொருள் விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு மெல்லிய சார்ட் தாளில் செய்வது. தாள் அதிர்ந்து ஒலியைத் தானே தின்றுவிடும். மேற்பரப்பின் நுண்துளைகள் உயர்ந்த ஒலிகளை உறிஞ்சும். 1 மி.மீ. தடிப்புள்ள அட்டை எடுத்து, உள்பக்கம் இரண்டு கை வார்னிஷ் பூசுங்கள். சுருட்டிய பின் கழுத்துப் பகுதிக்குள் கை போகாது, ஆகவே சுருட்டுவதற்கு முன்பே பூசிக் காயவிட வேண்டும். ஒட்டும் விளிம்பில் மட்டும் வார்னிஷ் படாமல் பார்த்துக்கொள்ளவும், பசை பிடிக்காது.

தகரம் என்றால் அரை மி.மீ. போதும், ஆனால் வாயின் விளிம்பை வெறுமனே விடக் கூடாது. உள்ளே கம்பி வைத்துச் சுருட்ட வேண்டும். வாளி, புனல் செய்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். கை வெட்டாமல் இருப்பதற்கு மட்டுமல்ல. விளிம்பு விறைப்பாக இல்லாவிட்டால் தகரம் ஒவ்வொரு சொல்லுக்கும் 'ஙிங்' என்று கூடவே பாடும். தகரத்தின் இணைப்பை அங்கங்கே பொட்டு வைத்து நிறுத்தாமல் முழு நீளமும் பற்றவைக்க வேண்டும். மயிரிழை இடைவெளிகூடக் கசிவுதான். பற்றாசு உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் அரத்தால் தேய்த்துவிடவும்.

கழுத்தும் காது முனையும்

நல்ல கூம்பைச் செய்துவிட்டுக் கழுத்தில் கோட்டைவிடுவதே மற்ற எல்லாத் தவறுகளையும்விட அதிகம். கைக்குக் கிடைத்த மெல்லிய குழாயைச் செருகிவிடுகிறார்கள். குறுகிய குழாயில் காற்று சுவரோடு உராய்கிறது. அந்த உராய்வு உயர்ந்த ஒலிகளை முதலில் தின்னும். 3 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் 2000 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு மீட்டர் போவதற்குள் 8 டெசிபல் அளவு இழக்கும். அதே தூரத்துக்கு 8 மி.மீ. குழாயில் இழப்பு 3 டெசிபல்தான். சில செ.மீ. நீளக் கழுத்துக்கு இது பெரிய விஷயமில்லை, பேசுபவர் வாயிலிருந்து கேட்பவர் காது வரை போகும் ஒரு மீட்டர் பேச்சுக்குழாய்க்கு இதுவே உயிர்நாடி. உயர்ந்த ஒலிகள் போனால் மெய்யெழுத்துகள் போகும். குரல் கேட்கும், சொல் புரியாது.

வளைவு கழுத்துப் பக்கம் இருக்கலாம், அங்கே குழாய் ஒலியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது. வாய்ப் பக்கம் சட்டென்று வளைத்தால் உயர்ந்த ஒலிகள் சுவரில் மோதித் திரும்பும். மடித்துக் குறுக்கிய 'லண்டன் டோம்' என்ற குவிமாட வடிவக் குழல்களைப் பார்த்து நகல் செய்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

காது முனையைப் பொறுத்தவரை, தளர்வாக இருந்தால் தாழ்ந்த ஒலிகள் கசியும், இறுக்கித் திணித்தால் காதுக்கு ஆபத்து. காதுக் கால்வாய் சராசரியாக 7 மி.மீ. விட்டம், இரண்டரை செ.மீ. நீளம்தான், அதன் முடிவில் செவிப்பறை இருக்கிறது. வெட்டிய தகர நுனியையோ பிளாஸ்டிக் குழாயையோ நேராக உள்ளே விடக் கூடாது. வாசலிலேயே நின்றுவிடும்படி மென்மையான சிலிக்கான் முனை பொருத்துங்கள். ஸ்டெதஸ்கோப்பின் காது முனை மேலுக்குச் சரியாகத் தெரியும். அதன் துளை குறுகலாக இருந்தால் மேலே சொன்ன இழப்பு இங்கேயும் வரும். கண்காட்சியில் ஒரே முனையைப் பலர் காதில் வைக்க விடாதீர்கள். ஆளுக்கொரு முனை வேண்டும். முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட வேண்டும்.

நீளத்தைக் கூட்டினால் நல்லது என்ற நம்பிக்கை

நீளம் கூடினால் பலன் கூடும் என்று தோன்றும். குழலுக்குத் தன் நீளத்துக்கு ஏற்ற ஒத்ததிர்வு உண்டு. மேலே சொன்ன 40 செ.மீ. கூம்பின் நுனி காதில் மூடியிருக்கும்போது 400 ஹெர்ட்ஸ் அருகில் முதல் ஒத்ததிர்வும், ஏறத்தாழ அதன் மடங்குகளில் அடுத்தடுத்தவையும் வரும். அந்த இடங்களில் ஒலி தூக்கலாகவும் இடையில் மங்கலாகவும் இருக்கும். குடத்துக்குள் பேசுவது போல் கேட்பது இதனால்தான். நீளத்தைக் கூட்டினால் மேடுகள் நெருங்கி வந்து பேச்சொலிக்குள் இன்னும் நிறைய விழும். 30 முதல் 40 செ.மீ. போதும்.

முழக்கத்தைக் குறைக்கக் கழுத்தில் பஞ்சு அடைப்பவர்கள் உண்டு. அது உயர்ந்த ஒலிகளைத்தான் முதலில் கொல்லும். காற்றின் அசைவு அதிகமாக இருப்பது திறந்த வாய்ப் பக்கம். அங்கே மெல்லிய மல்துணி ஒரு மடிப்பு இழுத்துக் கட்டினால் மேடுகள் தணியும், சொற்கள் அதிகம் கெடாது. பழைய குழல்கள் பலவற்றின் வாயில் துளையிட்ட தட்டு இருப்பதைக் காணலாம்.

கத்துவது

குழலைக் கண்டதும் எதிரில் இருப்பவர் வாயை ஒட்டி வைத்துக் கத்துவார். இதைத் தடுக்க வேண்டியது மாதிரி செய்தவரின் பொறுப்பு. ஒரு மீட்டரில் 60 டெசிபல் இருக்கும் சாதாரணப் பேச்சு, 5 செ.மீ. தூரத்துக்கு நெருங்கினாலே 26 டெசிபல் கூடி 86 ஆகும். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் ஏறும் என்பது கணக்கு. கத்தினால் 110-ஐத் தாண்டும். இன்றைய காது மெஷினில் ஒலி எல்லை மீறாமல் தடுக்க ஏற்பாடு இருக்கிறது, காதுக்குழலில் இல்லை. விசில், கைதட்டல், பலூன் எல்லாவற்றையும் குழலின் வாயருகே தடை செய்யுங்கள்.

அந்த 26 டெசிபலை நல்ல வழியில் பயன்படுத்தியதுதான் பேச்சுக்குழாய்: ஒரு மீட்டர் அளவுக்கு வளையும் குழாய், ஒரு முனை கேட்பவர் காதில், மறுமுனையில் இருக்கும் சிறு கிண்ணம் பேசுபவர் வாயருகில். தூரத்தையே ஒழித்துவிடுவதால், அலங்காரமான குழல்கள் பலவற்றைவிட இதுவே பயனுள்ளது, பார்க்கத்தான் அழகில்லை. செய்ய வேண்டுமானால் 10 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிக்கான் குழாயும் 5 செ.மீ. புனலும் போதும். மெதுவாகப் பேச வேண்டும் என்பதே ஒரே நிபந்தனை.

சோதிக்கும்போது ஏமாறுவது

"ஆமா, நல்லா கேக்குது" என்பது சோதனை முடிவாகாது. மற்றக் காது திறந்திருந்தால் அதுவும் கேட்கும். பேசுபவரின் உதடு தெரிந்தால் கண்ணும் கேட்கும். மற்றக் காதில் நுரை அடைப்பான் வைத்து, பேசுபவர் முகத்தை அட்டையால் மறைத்து, 2 மீட்டர் தூரத்திலிருந்து ஒரே சீரான மெல்லிய குரலில் 20 சொற்களை வாசிக்கச் சொல்லுங்கள். குழலோடு ஒரு பட்டியல், குழல் இல்லாமல் வேறொரு பட்டியல். சரியாகச் சொன்னவற்றை எண்ணுங்கள். குழலின் வாய் பேசுபவரின் வாயை நேராகப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் திருப்பினால் உயர்ந்த ஒலிகள் முதலில் மறையும். விரல் உரசினால் உள்ளே இடிபோல் கேட்கும், அசையாமல் பிடிக்க வேண்டும்.

உண்மையிலேயே காது மந்தமானவரிடம் சோதிக்கும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிக்காதிலோ நடுக்காதிலோ தடை இருந்தால் ஒலியைக் கூட்டுவதே பெரிய உதவி. உள்காதோ நரம்போ பழுதுபட்டிருந்தால் ஒலி கூடும், தெளிவு கூடாது. சற்று அதிகமானால் வலியும் தரலாம். 1879-இல் சிகாகோவின் ரிச்சர்ட் ரோட்ஸ் காப்புரிமை பெற்ற ஆடியோஃபோன் என்ற விசிறியை மேல் பற்களில் அழுத்திப் பிடிப்பார்கள். எலும்பு வழியே ஒலியைக் கடத்தும் அந்தக் கருவியும் முதல் வகையினருக்குத்தான் பயன்பட்டது.

விளக்கப் பலகையில் எழுதும் வரலாற்றுப் பிழைகள்

இசையமைப்பாளர் பீத்தோவனுக்குக் கருவி செய்பவரான மேல்ட்செல் குழல்கள் செய்து கொடுத்தது உண்மை. அவை ஜெர்மனியின் பான் நகரில் பீத்தோவன் பிறந்த வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றால் அவர் குறை தீர்ந்தது என்று எழுதுவது தவறு. 1818 முதல் அவரிடம் வந்தவர்கள் சொல்ல வேண்டியதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. போர்ச்சுகல் மன்னர் ஆறாம் ஜோவாவுக்கு ரைன் 1819-இல் செய்த, காது கேட்க உதவும் நாற்காலியை லிஸ்பன் அரண்மனையோடு சேர்த்து எழுதுபவர்கள், மன்னரும் அரசவையும் 1821 வரை பிரேசிலில் இருந்ததை மறந்துவிடுகிறார்கள். கைப்பிடி முனையில் சிங்க வாய், உள்ளே பொள்ளல், அங்கிருந்து மன்னர் காதுக்குக் குழாய். பேச வந்தவர் மண்டியிட்டுச் சிங்க வாயில் பேச வேண்டும். மரியாதையும் நடந்தது, வாய்க்கும் குழலுக்கும் இடையே தூரமும் குறைந்தது.

பழையதை வாங்கும்போதும் துடைக்கும்போதும்

காதுக்குழல் என்று விற்கப்படும் பலவற்றுக்குக் காதுக்குழலோடு சம்பந்தமில்லை. மரத்தில் 20 செ.மீ. அளவில், ஒரு முனை மணிபோல் விரிந்து, மறுமுனையில் தட்டையான வட்டத்தகடு இருந்தால் அது கருவிலிருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் பினார்ட் குழல். கிண்ணம் போன்ற ஊதுவாய் இருந்தால் வேட்டைக்கொம்பு. கிராமஃபோன் புனலை அறுத்துக் கழுத்து ஒட்டியவையும் உண்டு. காதுக் கால்வாயை நோக்கிய சின்ன முனை இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அது தந்தம், எலும்பு, கடின ரப்பர் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். தந்தம் என்றால் இந்தியாவில் விற்பதும் வாங்குவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம், எவ்வளவு பழையதானாலும் விலை பேசவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்த குழலைப் பித்தளை பாலிஷ் போட்டுப் பளபளக்க வைப்பது மிக மோசமான தவறு. தகரத்தின் கறுப்பு அரக்குப் பூச்சும் மெல்லிய வெள்ளி முலாமும் தேய்ந்து போகும், பிறகு திரும்பக் கிடைக்காது. உலர்ந்த மென்தூரிகை போதும். கடின ரப்பர் முனையைச் சுடுநீரில் போட்டால் கறுப்பு பழுப்பாக மாறி, கந்தக வாடை கிளம்பும். வெயிலும் அதையே மெதுவாகச் செய்யும். பழைய பேச்சுக்குழாயின் துணிக்கு அடியில் கம்பிச்சுருளும் ரப்பரும் இருக்கும். ரப்பர் இறுகிவிட்டிருந்தால் நிமிர்த்த முயல வேண்டாம், இருக்கும் வளைவிலேயே அட்டைப்பெட்டியில் படுக்க வைத்து ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். எதையும் காதில் வைத்துப் பார்க்காதீர்கள்; நூறு வருட அழுக்கும் எந்த நேரமும் உடையத் தயாரான முனையும் அங்கே காத்திருக்கின்றன.