கியூபெக் வம்சாவளி: கல்யாணப் பதிவைப் பிடியுங்கள்

பிறப்புப் பதிவைத் தேடி அலையாதீர்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்துக் கத்தோலிக்கக் கோயில்களின் கல்யாணப் பதிவில், முதல் மணம் என்றால் பெரும்பாலும் இருபக்கத்துப் பெற்றோரும் இருப்பார்கள். அம்மா தன் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு. அங்கிருந்து அந்தப் பெற்றோரின் கல்யாணத்துக்குத் தாவுங்கள். பக்க ஓரத்தில் பி, எம், எஸ் என்றிருக்கும்: பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகள், முறையே ஞானஸ்நானம், மணம், அடக்கம். கிறுக்கல் கையெழுத்தோடு மல்லுக்கட்டாமல் முதலில் ஓரத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

சிக்கலே குடும்பப் பெயரில்தான். என் மாமியார் வழி போலியூ. பின்னோக்கிப் போனால் அந்தப் பெயர் திடீரென்று மறைந்துவிடும், ஏனென்றால் ரிவியேர்-உவெல் பக்கம் அந்த வம்சம் 'உதோன் தி போலியூ', அதாவது போலியூ என்கிற உதோன். பட்டாளத்துப் பட்டப்பெயர், சொந்த ஊர், எதுவும் இப்படி ஒட்டிக்கொள்ளும். அண்ணன் ஒரு பெயரிலும் தம்பி இன்னொன்றிலும் பதிவாவது சகஜம். இரண்டிலும் தேடுங்கள்.

ஞானஸ்நானத்தில் முன்னால் வரும் ஜோசப், மரி இரண்டையும் கண்டுகொள்ளாதீர்கள். பாதி ஊருக்கு அதே பெயர்! கூப்பிடும் பெயர் பெரும்பாலும் கடைசியில்.

1849 வரைக்குமான கோயில் பதிவுகளுக்கு மொன்றியால் பல்கலைக்கழகத்தில் உருவான பிஆர்டிஎச் தரவுத்தளம் போதும். முழுசாகப் பார்க்கக் காசு கட்டணும். அதற்குப் பிந்தியவற்றுக்குத் துருவேன் தொகுப்பு, அதாவது கோயில் பதிவேடுகளைப் படம்பிடித்துச் சேர்த்த தொகுப்பு.