பெயர் மூன்று, மருந்து ஒன்று: வீட்டு மருந்து டின்னில் நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில், எங்கள் ஈசூன் வீட்டில் மருந்துக்கென்று ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. பலதுறை மருந்தகத்தில் கொடுத்த பிளாஸ்டிக் பைகள், தேக்காவில் வாங்கிய தைலம், ஊரிலிருந்து சித்தி கொடுத்தனுப்பிய மாத்திரை அட்டைகள், யாருக்காக எப்போது வாங்கியது என்றே தெரியாத இருமல் மருந்து, எல்லாம் அதற்குள்தான். போன வருடம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு, "என்னென்னம்மா போட்டீங்க?" என்று கேட்டேன்.

"காலையில டோலோ ஒண்ணு. அது கேக்கல, அப்புறம் பனடோல் ரெண்டு. உடம்பு வலிக்கு டாக்டர் முன்னாடி குடுத்த மாத்திரை இருந்துச்சு, அதுல ரெண்டு" என்றார்.

அட்டைகளைத் திருப்பிப் பார்த்தேன். டோலோவில் பாராசிட்டமால் 650 மில்லிகிராம். சாதாரண பனடோல் ஒன்றில் பாராசிட்டமால் 500. உடம்பு வலி மாத்திரை அனாரெக்ஸ். அதில் பாராசிட்டமால் 450, கூடவே தசை இறுக்கத்தைத் தளர்த்தும் இன்னொரு மருந்து. அம்மா மூன்று விதமான மாத்திரை என்று நினைத்துப் போட்ட மூன்றிலும் இருந்தது ஒரே மருந்துதான்.

பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் பாராசிட்டமால் 4,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் தினமும் மது குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவு. டோலோ ஒன்று, பனடோல் இரண்டு என்று ஒரு நாளில் மூன்று வேளை போட்டால் 1,950உம் 3,000உம் சேர்ந்து 4,950 ஆகிவிடும். உடம்பு வலி மாத்திரையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. நல்லவேளை, அம்மா முதல் வேளையோடு நிறுத்தியிருந்தார்.

ஊர் மருந்து கெட்டது, சிங்கப்பூர் மருந்து நல்லது என்று நான் சொல்லவில்லை. நம் வீடுகளில் இரண்டு நாட்டு மருந்தும் ஒரே டின்னில் கிடக்கின்றன. பெயர் வேறாக இருப்பதால் மருந்தும் வேறு என்று நினைத்துவிடுகிறோம், ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. கடையில் வாங்கும் சளி, ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். சிலவற்றில் மூக்கடைப்பை நீக்கும் மருந்தும் இருக்கும். அது ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. பிரஷர் இருப்பவர்கள் மருந்தாளரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

நான் செய்த வேலை சின்னதுதான். ஒவ்வொரு அட்டையிலும் பெரிய எழுத்தில் இருக்கும், கம்பெனி வைத்த பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத் தேடினேன். பாராசிட்டமால் இருந்த எல்லா அட்டைகளிலும் மார்க்கர் பேனாவால் "காய்ச்சல் – ஏதாவது ஒன்றுதான்" என்று தமிழில் எழுதி, ஒரே ரப்பர் பேண்டில் கட்டி வைத்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. இப்போது என்னைக் கேட்காமலே சரியாக எடுக்கிறார்.

அடுத்தது டெங்கி. 2020இல் மட்டும் இங்கே 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாளில் அது டெங்கியா, சாதாரணக் காய்ச்சலா என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. அந்த நேரத்தில் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்குளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகளைப் போடக்கூடாது. டெங்கியில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். இந்த மருந்துகள் வயிற்றையும் புண்ணாக்கி, ரத்தக்கசிவையும் கூட்டும். பல்வலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் நம் வீடுகளில் கிடக்கும் போன்ஸ்டன் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஊரிலிருந்து வரும் காம்பிஃப்ளாமில் ஐபுபுரூஃபனும் உண்டு, பாராசிட்டமாலும் உண்டு. அதைப் போட்டுவிட்டு மேலே பனடோலும் போட்டால் ஒரே கையில் இரண்டு தவறு. (இதய நோய்க்காக டாக்டர் சொல்லி தினமும் ஆஸ்பிரின் போடுகிறவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், காய்ச்சல் வந்ததுமே டாக்டரிடம் கேளுங்கள்.)

இன்னொன்று, காய்ச்சல் விட்டதும் டெங்கி போய்விட்டது என்று நிம்மதி அடைகிறோம். மோசமாவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த நாட்களில்தான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் கரண்டிதான் பிரச்சினை. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. போன தடவை குடித்த அதே அளவு என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். சமையலறை ஸ்பூன் வேண்டாம், மருந்தோடு வரும் அளவுக் குழலே சரி. அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் வயதைப் பொறுத்தது அல்ல. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காட்டினால் சிரப்பைத் தேடிக்கொண்டிருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.

மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்கை அடுத்த சளிக்கு எடுத்துப் போடுவதும் பல வீடுகளில் நடக்கிறது. சளி வைரஸால் வருவது, ஆன்டிபயாடிக் அதைத் தொடாது.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகளில் நடப்பது வேறு கதை. "நார்மலா இருக்குன்னு சொல்லிட்டாங்க, அதான் நிறுத்திட்டேன்" என்று என் மாமா சொன்னபோது எனக்குப் பதறிவிட்டது. நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துப் போடவும் கூடாது. விரத நாட்களில் இன்னும் கவனம் வேண்டும். நோன்போ, தைப்பூச விரதமோ, சாப்பிடாமல் இன்சுலினையோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளையோ வழக்கம்போல எடுத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். விரதத்துக்குச் சில வாரங்கள் முன்பே டாக்டரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளலாம். கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் விரதத்தை அங்கேயே முடித்துவிடுங்கள், கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தைராய்டு மாத்திரையைக் காலைக் காப்பியோடு விழுங்குவதும் இரும்புச்சத்து மாத்திரையைத் தே தாரிக்கோடு விழுங்குவதும் காசைக் கரைப்பது போல. முதலாவதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி குடிக்கலாம். இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தேநீர் தடுக்கும்.

மூட்டு வலிக்கு "ஒரே நாளில் நடக்க வைக்கும்" என்று தெரிந்தவர் மூலம் வரும் கேப்ஸ்யூலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாரம்பரிய மருந்து என்று விற்ற சிலவற்றில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. மாயம்போல வலி போவது அதனால்தான். நாள்கணக்கில் சாப்பிட்டவர்கள் பயந்து சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து, டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

கடைசியாக, பாராசிட்டமால் அளவுக்கு மேல் போய்விட்டது என்று தெரிந்தால் "நல்லாத்தானே இருக்கேன்" என்று காத்திருக்காதீர்கள். முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியாது. கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதன் நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு, ஆனால் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மயக்கமோ தடுமாற்றமோ இருந்தால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். கிளம்பும்போது டின்னில் உள்ள அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், காலியானதையும் சேர்த்து. எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.